முன் சீட்டுக்காரி

திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவளுக்கு நாற்பத்தெட்டு வயதுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. தேவையும் வரவில்லை. வீட்டிலிருந்து கடை நடந்து போகிற தூரம். கடைக்குப் பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டினால் மேடு என்று ஒன்றே இல்லாத வயல்வெளி, கண்ணுக்கெட்டியமட்டும். அந்த வெளியில் அவளுக்கு எந்த வேலையும் கிடையாது. அது அவள் புருஷனுடைய இடம்.

அவர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். சுற்றுவட்டாரம் முழுக்கத் தாழ்ந்த நிலம். மழைக்காலத்தில் வயலில் தேங்குகிற தண்ணீரை இறைத்து ஆற்றில் விடுவது அவர் வேலை. வாரம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைகளைச் சுற்றுவார். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில், கேரியர்கூட இல்லாத வண்டி. "அதுல அரைக் கிலோ காய் வாங்கிட்டு வர வழியிருக்கா?" என்று அவள் கேட்பாள். அவர் சிரிப்பார். சாயங்காலம் சிவந்த முகத்தோடு திரும்பி வந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மட்டும் சொல்வார். வேறு எதைக் கேட்டாலும் "நல்லா இருந்துச்சு" என்பதோடு சரி.

கண் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் ஓரங்கள். நிறுத்தி வைத்திருந்த கைவண்டியில் மோதிவிட்டு வந்து, "நடுரோட்டுல நிறுத்தியிருக்கான்" என்று திட்டினார். அடுத்து ஒரு கம்பம். கம்பத்தை யாரும் நடுரோட்டில் நிறுத்த முடியாது என்பதால் டாக்டரிடம் போனார்கள். நரம்பு வாடிக்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பது நிற்குமா என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில வருஷங்களில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. வேலை அதற்கு முன்பே போய்விட்டது.

அக்கம்பக்கத்தாரிடம் அவர் சகஜமாகத்தான் பேசினார். ஆனால் ஞாயிறு வந்தால் நடையில் பழைய பேப்பரை விரித்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கையால் தடவித் தடவிச் செயினுக்கு எண்ணெய் போடுவார். அவள் தாண்டித் தாண்டிப் போவாள். ஒருநாள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளை லைனிங் துணியில் அந்த எண்ணெய் பட்டுக் கறையாகிவிட்டது.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க எண்ணெய்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு பேப்பர் விரிக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கறையே பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சைக்கிள் கடைக்காரரிடம் போனாள். புருஷனோடு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றியவர் அவர்.

"அண்ணே, அந்த வண்டியை நீங்களே எடுத்துக்கங்க. கண்ணு முன்னால இருந்தா அவருக்கு..." கண்ணு என்ற சொல்லில் இடறி நின்றாள்.

கடைக்காரர் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். கூரையிலிருந்து நீளமாக ஒரு சைக்கிள் தொங்கியது. சீட் இரண்டு, ஹேண்டில் இரண்டு, பெடல் இரண்டு ஜோடி. பின் ஹேண்டில் பிடித்துக்கொள்ள மட்டும்தான். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் வேலை.

"படகுத்துறையில வாடகைக்கு விட ஒருத்தர் வாங்கினார். புதுசாக் கல்யாணம் ஆனவங்க ஏறுவாங்கன்னு கணக்கு. ஏறினவங்க எல்லாம் சண்டை போட்டுக்கிட்டு இறங்கினாங்க. கடைசியில என் தலையில கட்டிட்டுப் போயிட்டார்."

"இதை யாருண்ணே ஓட்டுறது? நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

"போவேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். அப்புறம் கடை, பிள்ளைங்கன்னு ஏதாவது வரும். முன்னால உட்கார்றது வீட்டு ஆளா இருந்தாத்தான் இது நிலைக்கும்மா."

"எனக்கு ஓட்டவே தெரியாதே."

"எனக்கும் பொறந்தப்போ தெரியாது."

அவள் ஓட்டக் கற்றதும், பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ரெட்டை சைக்கிளைத் தருவதாகப் பேச்சு. அதுவரை பழகுவதற்கு ஒரு சின்ன வண்டியைக் கொடுத்தனுப்பினார்.

திரைச்சீலைக் கடைக்குப் பின்னால் லாரி திரும்புகிற முற்றம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே பழகினாள். கடையில் இஸ்திரி போடுகிற தோழிதான் துணை. "நின்ன இடத்துல இஸ்திரி போடவே எனக்கு மூச்சு வாங்குது. இதுல உன் பின்னால ஓடணுமா?" என்றவள், திரைச்சீலைக்குத் தைக்கிற பட்டையான நாடாவை இவள் இடுப்பில் கட்டி, மறுநுனியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றாள். இவள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துணி உருளைகள் மேல் விழுந்தாள், அட்டைப்பெட்டிகள் மேல் விழுந்தாள், ஒரு தடவை இஸ்திரிக்காரி மேலேயே விழுந்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள்.

"கால்ல என்ன, நொண்டுறே?" என்று கேட்டார் புருஷன்.

"மேசை முனை இடிச்சிருச்சு."

இன்னொரு நாள் தட்டை வைக்கும்போது அவள் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "உங்க கடையில மேசைக்கெல்லாம் செயின் ஆயில் போடுறாங்களா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. "என்னை மூட்டை மாதிரி பின்னால வச்சு ஓட்டிட்டுப் போகப் போறியா? ஊரே நின்னு பார்க்கும்."

"மூட்டை வைக்க அதுல கேரியர் கிடையாது. பின்னால இருக்கறவங்களும் மிதிக்கணும். அதைத் தனியா இழுக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க மிதிச்சாத்தான் உண்டு."

அவர் அவள் கையை விடவில்லை. "டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பார்த்தியா?" என்றார் பிறகு.

ரெட்டை சைக்கிள் வந்த ஆரம்பத்தில் ஒரே ரகளை. பின்சீட்டிலிருந்து உத்தரவு பறக்கும். கியர் மாத்து, மாத்தாதே, குனி, காத்து இடதுபக்கம் வருது. "நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று அவள் நடுரோட்டில் காலை ஊன்றிக் கேட்டிருக்கிறாள். ஆனால் பாதை அவருக்கு அத்துப்படி. இப்போது மரப்பாலம் வரும் என்பார், வரும். இங்கே ரோடு கால்வாயை விட்டு விலகும் என்பார், விலகும். அவளுக்கு எரிச்சலும் பெருமையும் ஒன்றாக வரும். எங்காவது ஒரு வாத்து சடசடத்து எழுந்தால் மட்டும் அவர் உடம்பு விறைத்துப்போகும். வண்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். அவர் பயப்படுகிறார் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.  பள்ளம், லாரி, ஒண்ணுமில்ல வாத்துதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடப் பழகிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. திரும்புகையில் காற்று நேராக முகத்தில் அடித்தது. "மதகைத் தாண்டினதும் வலதுபக்கம் ரோட்டை விட்டுக் கரை மேல ஒரு பாதை பிரியும். அதுல போனா பாதித் தூரம் மிச்சம்" என்றார். பாதை இருந்தது. இருபுறமும் புல் உரச ஓட்டிப் போனார்கள். கொஞ்ச தூரத்தில் அவள் பிரேக்கை அழுத்தினாள்.

"ஏன் நிறுத்தினே?"

"வழி இல்லைங்க. கரையை வெட்டியிருக்காங்க. எதிர்ல தண்ணி."

"இருக்காது. வேலையில இருந்தப்போ வாராவாரம் இந்தக் கரையைச் சுத்தினவன் நான். உனக்கு எதிர்காத்துல மிதிச்சு அலுத்துப்போச்சு, அதான்."

இறங்கி, கையை முன்னே நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவள் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து சட்டையைப் பற்றினாள். அவர் செருப்பு நுனியில் மண்கட்டி ஒன்று பெயர்ந்து, ஒரு கணம் கழித்துக் கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

அவர் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு அகலம்?"

"நம்ம தெரு அளவு இருக்கும்."

 அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"வீட்டுல நாற்காலியில உட்கார்ந்திருப்பேன்ல," என்றார். "தெனமும் இந்த வழியாத்தான் போவேன். மனசுக்குள்ள. இதை வெட்டினது தெரியாமலே போய்க்கிட்டிருந்திருக்கேன்."

 அவர் சட்டையைப் பிடித்த பிடியை அவள் விடாமல் இருந்தாள்.

நீண்ட வழியிலேயே திரும்பினார்கள். பின்னாலிருந்து உத்தரவே வரவில்லை.  பாதி வழியில் அவர் கேட்டார், "நீ என்ன பார்க்குறேன்னு சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல? வயல். தண்ணி."

"தண்ணி எப்படி இருக்கு?"

அவள் பார்த்தாள். "காத்து படற இடம் வெல்வெட்டை எதிர்ப்பக்கமாத் தடவின மாதிரி மங்கலா இருக்கு. கரையோரம் காத்து படாத இடம் இஸ்திரி போட்டாப்ல இருக்கு. புல்லை யாரோ வெட்டியிருக்காங்க. கத்திரி பிடிக்கத் தெரியாத ஆளு போல, விளிம்பெல்லாம் கோணல்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீர்மட்டம், காற்று, ரோடு இவற்றைத்தான் அவர் அத்தனை வருஷமும் பார்த்திருந்தார். வெல்வெட்டை அங்கே பார்த்ததே இல்லை.

அதன் பிறகு அவள் சொல்வதும் அவர் கேட்பதும் பழக்கமாகிவிட்டது. அவளும் மாறினாள். கடை வாசலில் தொங்கும் சீலை எந்தப் பக்கம் அசைகிறது என்று சனிக்கிழமையே பார்க்கத் தொடங்கினாள். பசி கூடியது, தொடை கெட்டிப்பட்டது. மெதுவாக இன்னொன்றும் வந்தது, அதை முதலில் அவளே ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்ததையெல்லாம் உடனுக்குடன் சொல்லிக்கொண்டே போவதில் அவள் பார்ப்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு ஞாயிறு படகில் ஆற்றைத் தாண்டி அக்கரைத் துறையில் இறங்கினார்கள். இரண்டு கால்வாய்களுக்கு நடுவே ரோடு நேராகக் கிடந்தது. வண்டியில் ஏறாமல் நின்றாள்.

"என்னங்க, எனக்கு ஒரு தடவை தனியாப் போகணும்."

"ஏன், நான் ஏதாவது சொன்னேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. பேசாம ஓட்டணும் போல இருக்கு."

அவர் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. ஏன் கேட்டோம் என்று அவள் வருத்தப்பட ஆரம்பித்த நேரத்தில் அவர் சொன்னார்: "போயிட்டு வா. பின்னால கனம் இருக்காது, திரும்பறப்போ பார்த்துத் திரும்பு."

படகுக்காரரின் கொட்டகையில் பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டுப் போனாள். வண்டி லேசாக, கொஞ்சம் கிறுக்காக ஓடியது. குழி ஒன்று வந்தபோது "பள்ளம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் அவளோடு கூடவே வந்தது. கடை, வீடு, டாக்டர் எதுவும் ஞாபகத்தில் இல்லாமல் ரோடு முடிகிற இடம்வரை போனாள்.

"உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்களே?" என்றார் படகுக்காரர், தேநீரை நீட்டியபடி.

"வருவா. எதிர்காத்து, கொஞ்சம் நேரமாகும்."

வந்தாள். மூச்சிரைத்தது, தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. அவர் சத்தத்தை வைத்தே எழுந்து நின்றார்.

"என்ன பார்த்தே?"

"சொல்லணுமா?"

கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்."

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு அப்படி நடக்கிறது. புருஷனைப் படகுக்காரரிடம் அடகு வைத்துவிட்டுப் போகிறாள் என்று இஸ்திரிக்காரி கேலி செய்கிறாள். அவருக்கும் படகுக்காரருக்கும் நல்ல சிநேகம். ஆற்றில் நீர்மட்டம் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டிக்கொள்கிறார்கள். திரும்பும்போது வழக்கமான ஒரே தகராறு அந்த நீளச் சைக்கிளைப் படகில் ஏற்றுவதுதான். எப்படி வைத்தாலும் முன்சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவள் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகப் பிடித்துக்கொள்ள, படகுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே துறையிலிருந்து தள்ளுகிறார்.