பால்காரரின் இன்னொரு கேன்

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. பவுடர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு பசும்பாலுக்கு மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எதை மாத்துனாலும் அவளுக்கு வயித்தால போகும். அதான் எனக்குப் பயம்.

சேதராப்பட்டு பக்கத்துலேர்ந்து பைக்ல வர்ற பால்காரர்கிட்டதான் கல்யாணம் ஆனதுலேர்ந்து பால் வாங்குறேன்.

இன்னிக்குக் காலைல, "அண்ணா, இன்னிலேர்ந்து கால் லிட்டர் கூட வேணும், பாப்பாவுக்கு"ன்னேன்.

ஊத்தப் போன கை அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பெரிய கேனை மூடிட்டு, வண்டியோட அந்தப் பக்கம் தொங்குன சின்னக் கேனைத் திறந்தாரு.

"குழந்தைக்குன்னா மொதல்லயே சொல்ல வேணாமா? இது ஒரே மாட்டுப் பால். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது."

"அப்ப பெரிய கேன்ல என்னண்ணா இருக்கு?"

"அது பெரியவங்களுக்கும்மா"ன்னு சொல்லிட்டு வழக்கமான பாலை அதுலேர்ந்தே ஊத்திட்டுப் போயிட்டாரு.

பாப்பாவுக்குப் பவுடர் பாலோட கொஞ்சமா கலந்து குடுத்தேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, விளையாடிட்டு இருக்கா.

சாயங்காலம் காபி போடப் பாலை எடுத்தவ, அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன். கடைசில பால் ஊத்தாம வரக்காபிதான் போட்டேன்.

நாளைக்குப் பால்காரர்கிட்ட, எங்க வீட்டுல மாமனார் உட்பட எல்லாருமே குழந்தைங்கன்னு சொல்லிடப் போறேன்.

உங்க வீட்டுல எத்தனை குழந்தைங்க?