கார்டில் வந்த ஊர்

மகளின் பள்ளிப் பாடத்துக்காக நேற்று வாங்கிய அஞ்சலட்டையை முகர்ந்ததும், வரதராஜன்பேட்டையில் அம்மா வைத்திருந்த தையல்கடை, மிஷின் எண்ணெய் வாசனையோடு திரும்பி வந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. ரேடியோவில் காலைக் கச்சேரிக்கு நிதானமாகவும் சினிமாப் பாட்டுக்கு வேகமாகவும் ஓடும் அம்மாவின் மிஷின், நேயர் விருப்பத்தில் பெயர்கள் வாசிக்கும்போது மட்டும் நின்றுவிடும். வாராவாரம் கார்டு போடுவாள். தன் பெயரோடு ஊர்ப் பெயரும் வந்துவிட்டால், துணி கொடுக்க வந்தவர்களை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள்.

பிறகு அந்த ரேடியோ நிலையம் எஃப்.எம். ஆனது, கச்சேரி குறைந்தது, கார்டுக்குப் பதில் போன் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் போனில் ஊர் கேட்டால், பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லி, "ஜெயங்கொண்டம் பக்கங்க" என்று மழுப்பினார்கள். அம்மாவுக்கு லைன் கிடைத்த அன்று, "வரதராஜன்பேட்டைங்க" என்றாள்.

"அது எங்கம்மா இருக்கு?" என்றார் புது அறிவிப்பாளர்.

"பத்து வருசமா உங்க ரேடியோவுல என் கார்டைப் படிச்சாங்களே, அந்த ஊருதாங்க."

அவர் சிரித்துவிட்டு, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார்.

"எதுன்னாலும் போடுங்க. ஊர் பேரை மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."