கராச்சி வழியாக சூரிச்

என் கணவர் இறந்த செய்தி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் பிற்பகல் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அது. தலைமையாசிரியை வாசலில் நின்று கூப்பிட்டார். அவருக்குப் பின்னால், தேனாம்பேட்டையில் என் கணவர் வேலை பார்த்த அலுவலகத்துப் பியூன் நின்றுகொண்டிருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதியிருந்த பெயர்களைக் கூப்பிட்டுக் குறித்து, மொத்தம் போட்டு, கையெழுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் மேஜையில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஆட்டோவில் போகும்போது பியூன் சொன்னார். நான் ஆட்டோக்காரரிடம் இடதுபக்கம் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் போனால் சிக்னல் ஒன்று குறையும்.

அழுகை வரவில்லை. பதின்மூன்று நாளும் வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் காப்பிக்குப் பால் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது மார்ச் மாதம். மே மாதம் பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் சுவிட்சர்லாந்து போவதாக இருந்தது.

மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குமாஸ்தாவும் அவர் பெண்டாட்டியும் சுவிட்சர்லாந்து போவது என்பது தொண்ணூறுகளின் நடுவில் யாரும் நம்பக்கூடிய விஷயமல்ல. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் கொஞ்சம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். என் கணவருக்கு மலையும் பனியும்கூட அத்தனை முக்கியமில்லை. லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் ஒருநாள் ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஒன்று கிடைத்தது. மூன்று வருடம் பழசு. அதை அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் படிப்பார். ஒரு வண்டி வந்து நான்கு நிமிடத்தில் எதிர்ப்புற மேடையிலிருந்து இன்னொரு வண்டி கிளம்புகிறது, அதை நம்பி ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அவ்வளவு விலை பிடித்த தேசத்துக்குக் குறைந்த செலவில் போக என்ன வழி என்று நான்கு வருடம் விசாரித்தார். தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் டிராவல்ஸ் வைத்திருந்த ஒருவர்தான் கடைசியில் வழி சொன்னார். பம்பாய் வரை ரயில். அங்கிருந்து கராச்சி. கராச்சியில் அரை நாள் காத்திருந்தால் அங்கிருந்தே சூரிச்சுக்கு விமானம். நேராகப் போவதில் பாதி விலைதான். பாகிஸ்தான் வழியாகவா என்று நான் கேட்டதற்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே போகப்போவதில்லையே என்றார் என் கணவர். அங்கே போனபின் தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். பெயர்தான் இளைஞர், வயது வரம்பு கிடையாது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். ரயிலுக்கு எட்டு நாள் பாஸ் இங்கேயே வாங்கிவிடலாம். சாப்பாட்டுக்கு அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தண்ணீர் காய்ச்ச ஒரு சுருள் ஹீட்டர். எல்லாவற்றையும் அலுவலகத்து வீணான படிவங்களின் பின்பக்கத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார்.

ஏப்ரல் கடைசியில் டிக்கெட்டை ரத்து செய்யத்தான் தியாகராய நகர் போனேன். டிராவல்ஸ்காரர் விஷயம் தெரிந்து எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இந்த ரேட்டுல எடுத்த டிக்கெட்டுக்குத் திரும்ப ஒன்னும் வராது மேடம். சாரோடதுக்கு வேணா டெத் சர்டிபிகேட், லீகல் ஹேர் சர்டிபிகேட் எல்லாம் வெச்சு எழுதிப் பாக்கலாம். ஒங்களுதுக்கு எதுவும் வராது. இன்னா பண்லாம், நீங்களே சொல்லுங்க."

அந்த இரண்டு மாதமும் நான் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். அலுவலகம், வங்கி, ரேஷன், வீட்டுக்காரர். ரத்து செய்ய இன்னும் மூன்று இடத்தில் கையெழுத்து, இரண்டு நகல். போவதற்கு எதுவும் தேவையில்லை; விசா முத்திரைகூட விழுந்துவிட்டது. "நான் போறேன்" என்றேன். ஆசையால் சொன்னதல்ல. எது குறைந்த வேலையோ அதைச் சொன்னேன். என் கணவருடைய டிக்கெட்டை என்ன செய்ய என்று அவர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மயிலாப்பூரில் என் நாத்தனார் இருந்தார். என் கணவருக்கு அக்கா, கணவரை இழந்தவர், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மகனோடு இருந்தார். அவரிடம் சொல்லாமல் போக முடியாது.

"வருஷம் ஆகலை. மாசாமாசம் மாசியத் திதி வரது. நீ இல்லாம நடக்கணுமா?" என்றார். "ஊர் என்ன சொல்லும்னு நான் கேக்கலை. தனியா அங்க போய் என்னடி பண்ணப்போறே?"

"தெரியலைக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு மாம்பலம் வந்தார். பருப்புப் பொடி அரைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் நான் வைத்திருந்த புடவைகளில் இரண்டை எடுத்துவிட்டு, தன் மகனின் பழைய கம்பளிச் சட்டையை வைத்தார். அதைப் பற்றிப் பிறகு எதுவும் பேசவில்லை.

பம்பாயில் விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்து, இன்னொருவர் எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்றேன். கராச்சியில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரியும் அதையே கேட்டார். அவருக்கும் அதே பதில். அது எளிதாக இருந்தது. பொய்யும் இல்லை.

சூரிச் விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கிளம்பிச் சற்று நேரத்தில், பின் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி வந்து அங்கே உட்காரலாமா என்று கேட்டார். அறுபது வயதிருக்கும். லாகூர்க்காரர். கணவர் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், அதனால்தான் எழுந்து வந்தேன் என்றார். சின்ன வயதில் தியாகராய நகரில் டியூஷன் போய் நான்கு இந்திப் பரீட்சை எழுதியிருந்தேன். அது முதல்முறையாக எனக்குப் பயன்பட்டது. அவர் ரொட்டி டப்பாவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதில் மாமிசம் இருக்கிறது, உனக்கு வேண்டாம் என்று மூடிவிட்டு, உலர்ந்த பழங்களைக் கொடுத்தார்.

அவர்களும் சுற்றுலாதான் போகிறார்கள். பேசப் பேச எனக்கு ஒன்று தெரிந்தது. அதே விடுதி. அதே ரயில் பாஸ். அவர் பெட்டியிலும் ஒரு சுருள் ஹீட்டர் இருந்தது. என் கணவர் நான்கு வருடம் விசாரித்துக் கண்டுபிடித்ததை லாகூரில் அந்தப் பேராசிரியரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் அந்த நாட்டுக்குள் நுழைய அந்த ஒரு வாசல்தான் இருந்தது போலிருக்கிறது.

விடுதியில் பெண்கள் கூடத்தில் அவர் கீழ்க் கட்டில், நான் மேல். காலையில் பொது சமையலறையில் பேராசிரியர் தேநீர் போடுவார். இரண்டாம் நாள் காலை, நான் அவலை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் கேட்டார்: உன் கணவர் ஏன் வரவில்லை, அவருக்கு யார் சமைத்துப் போடுவார்கள்?

எவ்வளவு நாள் "வரவில்லை" என்றே சொல்வது? நான் படித்த இந்தியில் மரியாதையாகச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது.

"உன்கா தேஹாந்த் ஹோ கயா" என்றேன். காலமாகிவிட்டார் என்று அர்த்தம். சமஸ்கிருதத்திலிருந்து வந்த வார்த்தை. உருது பேசும் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"ஓ, தேஹாத்தா?" என்றார் முகம் மலர்ந்து. அவர்கள் மொழியில் தேஹாத் என்றால் கிராமம். கிராமத்துக்குப் போயிருக்கிறாரா, நல்லது, இந்த வெயிலில் அங்கே கொஞ்சம் காற்றாவது வரும் என்றார்.

நான் அவலில் இருந்த தண்ணீரை வடித்தேன். பேராசிரியர் தேநீர்க் கோப்பையோடு எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"ஹாங்" என்றேன். ஆமாம்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் தினமும் கேட்டார். ரயிலில் எதிரே உட்கார்ந்து, ஏரிக்கரையில் நடந்துகொண்டு, வரிசையில் நிற்கும்போது. கிராமம் பெரியதா? வீட்டில் கிணறு உண்டா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான் பதில் சொன்னேன். மயிலாப்பூரில் பிறந்து, தேனாம்பேட்டையில் செத்த ஒரு மனிதருக்கு, இந்திப் பாடப்புத்தகத்து வார்த்தைகளை வைத்து ஒரு கிராமம் உண்டாக்கினேன். வாய்க்கால் வைத்தேன். மாமரங்கள் வைத்தேன். அவருடைய அக்கா அங்கே சமைத்துப் போடுகிறாள் என்றேன். சொல்லும்போது குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. பேராசிரியர் மட்டும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார், அல்லது மனைவியிடம் அதோ பார் என்று எதையாவது காட்டுவார். அவருக்குக் குடும்ப விஷயங்களில் ஆர்வமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பல்சக்கர ரயிலில் மலை மேல் போனோம். பனி நான் நினைத்ததைவிட அழுக்காக இருந்தது. மேலே ஏறினதும் சுத்தமாக வெள்ளையாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கூவினார்கள். நான் பார்த்தேன், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எல்லாம் நடப்பது போல இருந்தது. பனியில் வழுக்காமலிருக்க அந்த அம்மாள் என் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டார். உன் கணவர் இங்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டார்.

"மணி பார்த்திருப்பார்" என்றேன்.

கீழே வந்து வண்டி மாற வேண்டியிருந்தது. எங்கள் வண்டி நின்றது. எதிர் மேடையில் அடுத்த வண்டி கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. ஏறினோம். நான்கு நிமிடத்தில் கிளம்பியது. அதை மட்டும் நான் கவனித்துப் பார்த்தேன். கைக்கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தேன். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார்.

நான் கிளம்பும் நாளில் அந்த அம்மாள் ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தார். உன் வீட்டுக்காரருக்கு, கிராமத்தில் அதிகாலையில் குளிருமே என்றார். வாங்கிக்கொண்டேன். முகவரி எழுதிக் கொடுத்தேன்.

சென்னையில் கத்திரி வெயில். நாத்தனார் மாம்பலம் வந்து என் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். தொப்பி யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். வார்த்தை குழம்பினதையும் நான் ஆமாம் என்றதையும் வாய்க்காலையும் மரங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் இருந்தேன். அவர் தொப்பியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சமைச்சுப் போடறேன்னா சொன்னே?"

"ஆமாம்க்கா."

"என்ன சமையல்னு சொன்னே?"

அதை அந்த அம்மாள் கேட்கவில்லை என்றேன். நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு வத்தக்குழம்புன்னா போதும், வேற எதுவும் கேக்கமாட்டான் என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முதுகில் கை வைக்கத் தோன்றி, வைத்தேன். என் கை யாருடையதோ போல இருந்தது.

அடுத்த வருடம் ஈத் பண்டிகைக்கு லாகூரிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. எங்கள் இருவர் பெயரும் எழுதியிருந்தது. அதற்கு என்ன பதில் போடுவது என்று ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஆங்கிலத்தில் பேராசிரியருக்கே எழுதினேன். என் கணவர் போன வருடம் மார்ச்சிலேயே இறந்துவிட்டார், அன்று காலை நான் சொல்ல வந்தது அதுதான், தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்தாமல் விட்டது என் பிழை, மன்னிக்க வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே பக்கம். லாகூரில் தான் பள்ளிக்கூடம் படித்தபோது வகுப்பில் பாதிப்பேர் இந்துப் பிள்ளைகள் என்றும், அந்த வார்த்தை தனக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தார். அன்று சமையலறையில் திருத்த வாய் திறந்ததாகவும், நான் ஆமாம் என்று சொன்னதைக் கேட்டபின் அது தன் வேலையில்லை என்று இருந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். தன் மனைவியிடம் இப்போதும் சொல்லவில்லை. அவள் தொழுகை முடிந்து உங்கள் இருவருக்காகவும் வேண்டிக்கொள்கிறாள். நீங்கள் அனுமதித்தால் அது அப்படியே இருக்கட்டும் என்று முடித்திருந்தார்.

கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அன்று பள்ளியில் முழு ஆண்டுப் பரீட்சை. எனக்கு மேல்மாடி ஹாலில் மேற்பார்வை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்று மாலையே ஒரு அஞ்சலட்டை வாங்கி, அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் எழுதினேன். வெளிநாட்டுக்கு அந்த அட்டை போகாது என்று தபால் ஆபீஸில் திருப்பிக் கொடுத்தார்கள். உறை வாங்கி, அதே வரியை மறுபடி எழுதிப் போட்டேன்.