பொன்னுத்துரை கட்டிக் காட்டிய சேலை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சீல் வைத்துவிட்டார்களாம். சேல்ஸ் கேர்ள் தோளில் கைவைத்த சூப்பர்வைசருக்கு ஏழு வருடமாம். முதலாளிக்கு மூன்று வருடமாம். பார்த்துக்கொண்டு சும்மா இருந்த கேஷியருக்குக்கூட ஆறு மாதமாம். இதைச் சின்னாளபட்டி பஸ்ஸில் ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம் சொல்ல, பின் சீட்டிலிருந்து காதில் வாங்கி வந்த பாண்டிச்செல்வி, தான் வேலை பார்க்கும் திண்டுக்கல் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி ரோசலினிடம் சொன்னாள். அது 2002, ஆடித் தள்ளுபடி நேரம்.

“கேஷியருக்குமா?” என்றாள் ரோசலின். “அம்புட்டுப் பேரையும் அடைக்க மதுரை ஜெயிலு பத்தாதேடி.”

ரோசலினுக்கு முப்பத்தாறு வயது. ராயப்பராஜ் முதலாளியின் ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில், பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு என்றால் நிஜமாகவே நின்றுகொண்டுதான். அந்தக் கடையில் பெண்பிள்ளைகள் உட்கார நாற்காலி கிடையாது. ‘எனக்கெதுக்கு வம்பு’ என்று ஆரம்பித்துவிட்டுத்தான் அவள் எந்த வம்புக்குள்ளும் நுழைவாள். ஒரே உதறலில் சேலையை விரித்து, அரை நிமிடத்தில் பழைய மடிப்புக்கே கொண்டுவந்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டில் புருஷனின் கைலியும் அன்றைய பேப்பரும்கூடப் பட்டுச்சேலை மடிப்பில்தான் இருக்கும்.

அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஆண்கள் மூன்று பேர். மூவரும் வரிசையாக சூப்பர்வைசர் ஆனார்கள். ரோசலின் அப்படியே நின்றாள். சூப்பர்வைசர் என்றால் பேண்ட் போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். மூன்றாவதாக ஆனவன்தான் பொன்னுத்துரை.

பொன்னுத்துரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ‘கட்டினா எப்படி இருக்கும்?’ என்று வாடிக்கையாளர் கேட்டால் போதும், ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, தன் கையாலேயே தோளில் சேலையைப் போட்டு, முந்தியை இழுத்துவிட்டு, இடுப்பில் கொசுவம் வைத்துக் காட்டுவான். சேலையை எடுத்த பிறகும் கை எடுபடாது. வாங்க வந்தவர்களுக்கு அது உபசாரமாகத் தெரிந்தது. நின்ற பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஒரு மாதமாக அது தினமும் பாண்டிச்செல்வியின் முறையாக இருந்தது.

“மொதலாளிகிட்டச் சொல்லிருவமா?” என்றாள் ரோசலின்.

“ஐயோ, வேணாங்க்கா. எங்கப்பாவுக்குப் போன் போயிரும். வேலையும் போச்சு, படிப்பும் போச்சு.”

அவள் பயந்ததும் நியாயம்தான். கடையில் புகார் வந்தால் முதலாளி செய்வது ஒன்றே ஒன்றுதான்: புகார் சொன்ன பெண்ணின் வீட்டுக்குப் போன் போடுவார். ‘வயசுப் பொண்ணு, எதுக்கு வம்பு, கூட்டிட்டுப் போயிருங்க’ என்பார். அப்பா அடுத்த பஸ்ஸில் வருவார். மூன்றே மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வரும். இரண்டு வருடத்தில் இரண்டு பெண்கள் அப்படிப் போயிருந்தார்கள். பாண்டிச்செல்விக்கு இருபத்தொரு வயது. கடைச் சம்பளத்தில் தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோசலின் வக்கீல் ஐரினை மாதா கோயில் வாசலிலேயே மடக்கினாள். எனக்கெதுக்கு வம்பு, சும்மா கேக்குறேன் என்றுதான் ஆரம்பித்தாள்.

“சீலும் இல்ல, கேஷியருக்கு ஜெயிலும் இல்ல,” என்று ஐரின் சிரித்தார். “ஆனா வேலை பாக்குற எடத்துல புகார் கமிட்டி இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு. தலைவர் பொம்பளையா இருக்கணும். மெம்பர்ல பாதிக்குக் குறையாம பொம்பளைங்க இருக்கணும். தொண்ணூத்தேழுலயே சொல்லியாச்சும்மா.”

“அஞ்சு வருசமாச்சா!”

டில்லியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஏறி, எல்லா ஸ்டேஷனிலும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு இதற்குள் திண்டுக்கல் வந்திருக்கும் என்று ரோசலினுக்குத் தோன்றியது.

மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் பட்டெடுக்க வந்தது. பெண்ணின் அத்தை ஒரு அரக்குப் பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “கட்டுனா எப்பிடி இருக்கும்?” என்றார்.

“ஏ பாண்டிச்செல்வி, இங்க வா,” என்றான் பொன்னுத்துரை.

ரோசலின் குறுக்கே வந்தாள். “அது ஒல்லிப்பிச்சான்ணே. கல்யாணப் பொண்ணு நல்ல வாட்டசாட்டம். உங்க ஒசரத்துக்குத்தான் இந்தச் சேலை நிக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் ஒரே உதறல், அரக்குப் பட்டு அவன் தோளில் கிடந்தது. கொசுவத்தை எட்ட நின்றே மடித்து நீட்டினாள். “இந்தாங்கண்ணே, நீங்களே சொருகுங்க. வேலை பாக்குற எடத்துல நான் மேல கை வைக்க மாட்டேன்.”

கூட்டம் சிரித்தது. பொன்னுத்துரை கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். “தம்பிக்கு எடுப்பாத்தான் இருக்கு,” என்றார் அத்தை. “செத்த நேரம் அப்பிடியே நில்லுப்பா. அந்த மாம்பழக் கலரையும் போட்டுக் காட்டு.”

மூன்று பட்டு விற்றது. அதன் பிறகு பெண்பிள்ளைகள் விடவில்லை. யார் ‘கட்டினா எப்படி இருக்கும்’ என்று கேட்டாலும் சேலையோடு பொன்னுத்துரையிடம் கூட்டிப்போனார்கள். அந்த வாரத்தில் அவன் மணப்பெண்ணாகவும், நாத்தனாராகவும், இரண்டு முறை சம்பந்தியம்மாளாகவும் நின்றான். பாண்டிச்செல்வி பக்கம் அவன் கை போகவில்லை. சனிக்கிழமை கால்தான் முதலாளி அறைக்குப் போனது.

செத்த நேரத்தில் ரோசலினையும் பாண்டிச்செல்வியையும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ராயப்பராஜ் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் மட்டும் அவருக்கு ஆகாது.

“கடையில ஒழுங்கு போச்சுங்குறான். எல்லாத்துக்கும் இந்தப் பிள்ளைதான் காரணமாம்.”

ரோசலின் இந்த முறை ‘எனக்கெதுக்கு வம்பு’ என்று ஆரம்பிக்கவில்லை. ஒரு மாதமாக நடந்ததையும், முன்னால் போன இரண்டு பெண்களுக்கு நடந்ததையும், ஐரின் சொன்னதையும் நேராகச் சொன்னாள்.

“கமிட்டிதான? போட்டுருவோம்,” என்றார் முதலாளி. “பொன்னுத்துரையவே தலைவராப் போடுவோம். பிள்ளைகளை எல்லாம் அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“அவர் மேலதான் மொதலாளி புகாரே.”

“சரி, அதெல்லாம் மெதுவாப் பாப்போம். மொதல்ல இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகட்டும். அதான் அதுக்கு நல்லது.” ரிசீவரை எடுத்து, சின்னாளபட்டியில் பாண்டிச்செல்வி வீட்டுக்கு எதிரே இருந்த தறிவீட்டு நம்பரைச் சுழற்றத் தொடங்கினார்.

“போடுங்க மொதலாளி,” என்றாள் ரோசலின். “ஆனா முழுசாச் சொல்லணும். உங்க மக மேல எங்க சூப்பர்வைசர் கை வச்சான், அவனைக் கடையில வச்சுக்கிட்டு உங்க மகளை அனுப்புறேன்னு சொல்லுங்க. சொல்ல வரலைன்னா எங்கிட்டக் குடுங்க.”

“இல்லக்கா.” அதுவரை கதவோரம் நின்ற பாண்டிச்செல்வி மேசை வரை வந்தாள். “எங்கப்பாகிட்ட நானே சொல்லுறேன். வேலைய விட மாட்டேன்னும் சேத்துச் சொல்லுறேன். குடுங்க சார்.” கையை நீட்டினாள்.

கை நீண்டபடியே இருந்தது. ராயப்பராஜ் ரிசீவரைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அந்தப் பக்கம் தறிச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லையோ என்னவோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.