வாஷ்பேசின் ஓரத்துச் சிலிக்கான்

எங்க அத்தானுக்குத் துபாயில் என்ன வேலை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தொண்ணூறுகளில் ஒரு தடவை லீவுக்கு வந்தபோது சென்ட் பாட்டிலோடு ஒரு சிலிக்கான் டியூபும் கொண்டுவந்தார். டவுணில் எங்கள் வீட்டு பாத்ரூமில், வாஷ்பேசினுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்து, "இங்கன தண்ணி இறங்குனா செவரு போச்சு" என்று சொல்லி, டியூபைப் பிதுக்கி விரலாலேயே பூசிவிட்டார். துபாய்க்காரர் செய்தால் யார் கேட்பது?

இரண்டே வருஷத்தில் அது கறுத்து, பேசினுக்கு மீசை முளைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வரும்வரை அது என் கண்ணிலேயே படவில்லை. எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மூணு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

எங்க பக்கம் வீடு பார்க்க வருகிற கூட்டத்தில் பெரிய பொம்பளை ஒருத்தி கட்டாயம் இருப்பாள். காப்பி குடித்ததும், "கை கழுவணுமே" என்பாள். கை கழுவவா போகிறாள்? பாத்ரூமைப் பார்த்தால் வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

பிளேடால் சுரண்டினேன். கட்டி வந்தது, அடியில் இருந்த பிசுக்கு வரவில்லை. தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்தவனுக்கு எந்த அழுக்குக்கும் ஒரே வைத்தியம்தான்: ஊத்து, தேய். வெந்நீர், சீயக்காய், புளி என்று இரண்டு நாள் பாடுபட்டேன். டைல்ஸ் பளபளத்தது; பிசுக்கும் கூடவே பளபளத்தது.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கேட்டுவிட்டுச் சிரித்தார். "தண்ணி அண்டக்கூடாதுன்னு பூசுன சாமானை நீரு தண்ணியை ஊத்தியே எடுக்கப் பாக்கீரு. வெளங்கும் வே. நல்லாக் காயவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால பைய தேயும்."

அவர்கள் வருகிற அன்று காலையில்தான் டைல்ஸ் காய்ந்தது. தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு உருண்டு உருண்டு வந்தது. ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு. சோப்புப் போட்டுக் கழுவுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பெண்ணின் அத்தைதான் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "குளிக்கிற எடத்துல எதுக்கு மண்ணெண்ணெய் வாடை?" என்று என் அம்மாவைக் கேட்டாள். ஸ்டவ் வெடித்து மருமகள் செத்தாள் என்று அடிக்கடி பேப்பரில் வந்த காலம் அது.

ஓடிப்போய்த் துணி, பிளேடு, சுரண்டிய சிலிக்கான் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் அள்ளிக்கொண்டு வந்து, போலீஸில் சாட்சி சொல்கிறவன் மாதிரி, துபாயில் ஆரம்பித்து மொத்தக் கதையையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, கறுத்துப்போன நகங்களைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "சரி தம்பி" என்றாள்.

கல்யாணம் நடந்தது. தலை தீபாவளிக்கு ஆழ்வார்குறிச்சி போனபோது, என் கையை முகர்ந்து பார்த்த அந்த அத்தை வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்று இருந்தது. சின்ன வயசுப் பெண்.

"அத்தை மக" என்றாள் என் மனைவி. "கட்டிக்குடுத்த வீட்டுல ஸ்டவ் வெடிச்சிட்டுன்னு சொன்னாங்க."

அந்த அம்மா டைல்ஸைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.