ஒரு பக்கம் டிராகன்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த வருஷங்களில், பாதி வழி நான் படை நடத்திக்கொண்டுதான் போவேன். ஆலப்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்பு வந்ததும் கண் தானாகச் செருகும். மரங்களுக்கு நடுவே கட்டைவிரல் உயர வீரர்கள் ஈட்டியோடு இறங்கி வருவார்கள். கண்டக்டர் தோளைத் தட்டும்வரை போர் ஓயாது. முப்பது வயது ஆளுக்கு இது கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்த வீரர்களை எனக்கு அறிமுகம் செய்தவன் என் மனைவியின் தம்பி. சிங்கப்பூரில் வேலை. எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த பொங்கலுக்கு வந்தபோது ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினான். உள்ளே பிளாஸ்டிக் பொம்மை வீரர்கள், பகடை, ஒரு விதிப்புத்தகம். அதுவரை "சாப்டீங்களா மாமா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. எங்கள் செம்மண்டலம் வீட்டில் மத்தியானம் கரண்ட் போனதும் மேஜையில் பச்சைப் போர்வையை விரிப்போம். புத்தகங்களை அடுக்கினால் மூன்று மலை. இரண்டைப் பிடித்தவனுக்கு வெற்றி. மனைவியின் தையல் டேப்பால் அளந்து அளந்து வீரர்களை நகர்த்துவோம். அடி விழுந்ததா என்று பகடை சொல்லும். வியர்வை வழிவதுகூடத் தெரியாது.

ஒவ்வொரு வீரனுக்கும் பலத்துக்கு ஏற்பப் புள்ளி உண்டு. கூட்டினால் இரு படையும் சமமாக வரவேண்டும். ஆனால் அடிக்கடி புது விதிப்புத்தகம் வந்தது. அதில் புதிதாக விற்பனைக்கு வருகிற வீரர்கள் எல்லாம் அதே புள்ளிக்குப் பலசாலிகள், பழையவர்கள் நோஞ்சான்கள். மச்சான் ஒருமுறை சிறகு விரித்த டிராகனோடு வந்தான். விலையைக் கேட்டேன், எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். நான் முதல் பெட்டியோடு அப்படியே நின்றேன். மனைவியின் நெயில் பாலிஷ் பூசிய என் சிவப்புத் தலைப்பாகைக்காரர்கள் பத்து நிமிஷத்தில் காலி. தோற்றதுகூடப் பரவாயில்லை. அடுத்த வருஷம் ஜெயித்தேன், அதுதான் தாங்கவில்லை. டிராகனை மலைக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டு அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"வேணும்னுதான விட்ட, மச்சான்?"

"இல்ல மாமா, கவனிக்கல."

பொய். எழுந்து போய்விட்டேன். அவன் கிளம்பும்வரை மறுபடி "சாப்டீங்களா மாமா"தான். இந்த விளையாட்டு போனால் அவனும் போய்விடுவான் என்று பயமாக இருந்தது. அதற்காக அவன் போடும் பிச்சையை வாங்கிக்கொள்ளவும் மனசு வரவில்லை.

புயலடித்த கையோடு வந்த பொங்கலுக்கு அவன் வந்தபோது தெருவில் பல நாளாகக் கரண்ட் இல்லை. பகல்கள் முடிவில்லாமல் நீண்டன. பெட்டியை யாரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்:

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுங்க. எங்க வீட்டுல நெலத்த பங்கு போட்டப்போ மூத்தவரு பிரிச்சாரு, சின்னவரு மொதல்ல எடுத்துக்கிட்டாரு. அதே மாதிரி செய்ங்க."

மூத்தவன் நான். வெகுநேரம் பிரித்தேன். முதலில் புள்ளிகளைப் பார்த்தேன், பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டு விதிப்புத்தகத்தையும் மலையோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். கடைசியில் ஒரு பக்கம் டிராகனும் நாலு குதிரைவீரர்களும். மறுபக்கம் மீதி எல்லாம், என் தலைப்பாகைக்காரர்கள் உட்பட. டிராகனைத்தான் எடுப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் மோவாயைத் தடவியபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தலைப்பாகைக்காரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மறுபடியும் விட்டுக்குடுக்க ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல மாமா. டிராகன் ஒரு மலைலதான உக்கார முடியும்."

அப்படியேதான் ஆனது. என் டிராகன் ஒரு மலையில் தனியாக நெருப்பு கக்கிக்கொண்டிருக்க, குதிரைகள் பாதி வழியில் விழுந்தன. நெயில் பாலிஷ் தலைகள் மற்ற இரண்டிலும் ஏறி நின்றன. கடைசிக் குதிரையைச் சாய்த்தபோது மச்சான் முகத்தில் இரக்கம் துளியும் இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினேன்.

"இந்த வாட்டி நீ பிரி, மச்சான்" என்றேன்.