பெரிய தொகுப்புக்குப் பின் ஒரு சின்னத் திருத்தம்

லிங்கி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்களின் மகள் பூங்கோதை, 1998இல் செனாவாங் கையுறைத் தொழிற்சாலையின் கணினி அறையில் சேர்ந்தாள். அவளுடைய சில மாதச் சோதனைக்காலம் இந்த வாரத்தோடு முடியவிருந்தது. வேலை நிரந்தரமாவது மேலாளர் கணேசமூர்த்தியின் கையில் இருந்தது.

சரக்கு விவரங்களை வைத்திருந்த டேட்டாபேஸ் சர்வரில், கடவுச்சொல் இல்லாமலே நுழைய ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க மே மாதம் வந்த அவசரத் திருத்தத்தை அவள் உடனே போட்டுவிட்டாள். இப்போது பல திருத்தங்களைச் சேர்த்த பெரிய தொகுப்பு ஒன்று சிடியில் வந்திருந்தது.

“பெருசப் போட்டா சின்னதெல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்லா. போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா,” என்றார் மூர்த்தி.

“இல்ல சார், இது மார்ச்சுல செஞ்சது. மே மாசத் திருத்தம் இதுல இல்ல. பழைய ஃபைல் மேல ஏறி, நாம போட்டத அழிச்சிரும். அத மறுபடி போடணும்.”

“ரொம்பத்தான் படிச்சிட்ட!”

பூங்கோதை தொகுப்பைப் போட்டு முடித்து, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். “பாஸ்வேர்டு இல்லாம உள்ள போய்ப் பாருங்க சார்.”

மூர்த்தி தட்டினார். சரக்குப் பட்டியல் முழுவதும் திரையில் வந்து நின்றது.

“அலாமா!” என்று அதிர்ந்தார் மூர்த்தி.

அவள் சிரித்துக்கொண்டே சின்னத் திருத்தத்தை மறுபடியும் போட்டாள். அவர் மூன்று முறை முயன்றும் சர்வர் உள்ளே விடவில்லை.

“சரிம்மா, தோத்துட்டேன். வேலை நிரந்தரம்னு லெட்டர நாளைக்கே டைப் பண்ணச் சொல்றேன். இனிமே எத முதல்ல போடணும்னு நீயே சொல்லுலா!”